கல்சியம் குறைவு, பீரீஎச் மிக உயர்வு, கிரியற்றினின் சரி: எட்டு வயதுப் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வது?

பாலைமரம் கேட்டது:

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பிரதேச வைத்தியசாலைக்கு வந்த பிள்ளை. பெண், 8 வயது. வலிப்பு என்று ஒரு வருசமாகக் கார்பமசெப்பின் போகிறது. ஆனாலும் இடைக்கிடை கை இழுத்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பி நிற்கிறது. அந்த நேரம் பிள்ளைக்கு நினைவு தப்புவதில்லை என்று தாய் சொல்கிறார். அதைக் கேட்டுத்தான் கல்சியம் பார்க்க அனுப்பியது.

உயரம் 112 சென்ரிமீற்றர், நிறை 29 கிலோ. அல்புமினுக்குத் திருத்திய கல்சியம் 1.70 மில்லிமோல்/லீற்றர், பொஸ்பேற்று 2.35, மக்னீசியம் 0.84. சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியற்றினின் 38 மைக்ரோமோல்/லீற்றர். அல்கலைன் பொஸ்பற்றேஸ் வயதுக்குச் சரி. பீரீஎச், அதாவது கல்சியத்தை ஆளுகிற பராதைரொயிட் சுரப்பியின் ஹோர்மோன், 412 பிகோகிராம்/மில்லிலீற்றர், ஆய்வுகூடத்தின் எல்லை 15 முதல் 65. 25 ஹைட்ரொக்சி விற்றமின் டி 24 நனோகிராம்/மில்லிலீற்றர். தைரொயிட்டைத் தூண்டும் ரீஎஸ்எச் 8.6, தைரொயிட் ஹோர்மோனான ஃப்ரீ ரீ4 எல்லையின் அடியில். கழலை இல்லை. கெண்டைக்காலில் தோலுக்கு அடியில் பயறளவில் கல்லுப்போல ஒரு கட்டி. முகம் வட்டம்.

தாயும் கட்டை, விரல்களும் கட்டை. ஆனால் தாயின் கல்சியம், பீரீஎச் இரண்டும் சரி. தாய் தகப்பன் மச்சான் மச்சாள் முறை. "சொந்தத்துக்குள்ள கட்டினதாலதான் வந்தது" என்று வீட்டில் தாய்க்குப் பேச்சு விழுகிறது.

நான் கேட்பது: எங்கள் பக்கத்துச் சிறுநீரக நோயை இதில் நினைக்க வேண்டுமா? எந்த மருந்தை எந்த அளவில் தொடங்குவது? பரம்பரையலகுச் சோதனைக்கு என்ன கேட்டு எழுதுவது? அந்த வீட்டாருக்கு என்ன சொல்வது?


குழாயும் ஊசியும் எழுதியது:

நோயின் பெயரை எழுத முதல் இரத்தத்தை ஒருக்கா திருப்பி எடுங்கோ. ஆய்வுகூடத்தில் இருந்து சொல்ல வேண்டியது இதுதான்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடீரீஏ உள்ள குழாயில் எடுத்த இரத்தத்தைச் சாதாரண குழாய்க்குள் கொஞ்சம் ஊற்றினாலே கல்சியம் பொய்யாக விழும். ஈடீரீஏ கல்சியத்தைப் பிடித்துவிடும். அப்படி நடந்திருந்தால் பொற்றாசியம் கூடி, அல்கலைன் பொஸ்பற்றேசும் மக்னீசியமும் குறைந்து வரும். உங்கள் அறிக்கையில் மக்னீசியமும் பொஸ்பற்றேசும் சரியாக நிற்பதால் அது இல்லை என்றே படுகிறது. பொற்றாசியத்தையும் ஒருக்கா பாருங்கோ.

பொஸ்பேற்றுக்கு வேறு வில்லங்கம். செங்குழியம் உடைந்தாலும், உறைந்த இரத்தத்தைப் பிரிக்காமல் மத்தியானம் மட்டும் வைத்தாலும் கலத்துக்குள் இருக்கும் பொஸ்பேற்று வெளியில் வந்து கூட்டிக் காட்டும். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அந்தப் பொஸ்பேற்றை நம்ப வேண்டாம். கல்சியத்துக்குக் கையை நெடுநேரம் கட்டி வைக்கவும் கூடாது. கட்டினால் மொத்தக் கல்சியம் கூடித் தெரியும்.

முதலில் சாதாரண குழாய், கடைசியில் ஈடீரீஏ. இந்த ஒழுங்கை மாற்றாதேங்கோ. பீரீஎச்சுக்கு ஈடீரீஏ குழாய்தான் நல்லது, அதில் ஒரு நாளளவு தாங்கும். சீரத்தில் சில மணித்தியாலத்திலேயே குறையத் தொடங்கும். ஒரு நாள் தாங்கும் என்பது குளிரான ஆய்வுகூட மேசைக்குச் சொன்ன கணக்கு. புதுக்குடியிருப்பில் இருந்து வெயிலுக்குள் பெட்டியில் வவுனியா போகிற இரத்தத்துக்கு அது பொருந்தாது. பிளாஸ்மாவைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புங்கோ. முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் குளிசை யாரும் குடித்தால் இரண்டு மூன்று நாளுக்கு முதலே நிறுத்தச் சொல்ல வேண்டும். சில இயந்திரங்களில் அது பீரீஎச்சையும் ரீஎஸ்எச்சையும் குறைத்துக் காட்டும்.

கல்சியமும் பீரீஎச்சும் ஒரே ஊசியில், ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். திங்கள் எடுத்த கல்சியத்தையும் அடுத்த கிழமை எடுத்த பீரீஎச்சையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் பிழைதான் வரும்.


கனகராயன் எழுதியது:

திருப்பி எடுத்தும் இதே முடிவு வந்தால் சந்தேகத்துக்கு இடம் குறைவு. இது பீரீஎச்சுக்கு உடல் செவிசாய்க்காத நோய், சூடோஹைப்போபராதைரொயிடிசம். தைரொயிட்டும் கட்டியும் உடல்வாகும் சேர்ந்து நிற்பதால் 1ஏ வகை.

இதில் பொஸ்பேற்றைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தின் அண்மைக் குழாயில் பீரீஎச் இரண்டு வேலை செய்கிறது: பொஸ்பேற்றை வெளியில் தள்ளும், விற்றமின் டியை அதன் செயலுள்ள வடிவுக்கு மாற்றும். பீரீஎச் 400 நிற்கும்போது பொஸ்பேற்று இறங்கியிருக்க வேண்டும். ஏறி நிற்கிறது என்றால் ஒன்றில் சிறுநீரகமே பழுது, இல்லையென்றால் சிறுநீரகம் நல்லாக இருந்தும் ஹோர்மோனின் சொல் கேட்கவில்லை. விற்றமின் டி குறைவு மட்டும் காரணம் என்றால் பீரீஎச் தன் வேலையைச் செய்யும், பொஸ்பேற்று பெரும்பாலும் குறைந்தும் அல்கலைன் பொஸ்பற்றேஸ் ஏறியும் நிற்கும். கடுமையான விற்றமின் டி குறைவு சில வேளை இந்த நோயைப்போல வேசம் போடும். 24 என்பது அந்த அளவுக் குறைவு இல்லை. சுரப்பியே பழுதானால் பீரீஎச் குறைவாக வரும். மக்னீசியம் மிகக் குறைந்தாலும் கல்சியம் விழும், உங்களிடம் அது சரி.

சிறுநீரக நோயை நினைத்தது நல்லது. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதால், பீரீஎச்சும் பொஸ்பேற்றும் ஏறிய அறிக்கையைக் கண்டவுடன் கை தன்பாட்டில் அந்தப் பக்கம் எழுதிவிடும். பிள்ளையின் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கோ: 36.5 ஐ உயரத்தால் பெருக்கி கிரியற்றினினால் வகுத்தால், 36.5 × 112 ÷ 38, ஏறக்குறைய 108. சிறுநீரகம் வடிகட்டுகிறது. சிறுநீரில் புரதமும் பார்த்து, ஒருக்கா ஸ்கானும் எடுத்தால் அந்தக் கதை முடிந்தது.

இனிப் பிள்ளையின் கையைப் பாருங்கோ. முட்டியாகப் பொத்தச் சொல்லுங்கோ. மொளி புடைத்து நிற்க வேண்டிய இடத்தில், நாலாம் ஐந்தாம் விரலின் அடியில், கட்டைவிரல் நுனி வைக்கிற அளவு குழி விழும். பெருவிரல் நகம் நீளத்தைவிட அகலமாக இருக்கும். கை எக்ஸ்றேயில் ஐந்தாம், நாலாம் உள்ளங்கை எலும்புகளின் தலையைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால், அது மூன்றாவதன் தலைக்கு மேலால் போகாமல் அதை வெட்டிக்கொண்டு போகும். இது மட்டும் போதாது, டேர்னர் நோயிலும் நாலாம் எலும்பு கட்டையாகும். நாலு ஐந்து வயதுக்கு முதல் இந்த அடையாளம் பெரும்பாலும் தெரியாது என்பதால், சின்னப் பிள்ளையில் கை வடிவாக இருக்கிறது என்று விட்டுவிடவும் கூடாது.

பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கோ. முதல் வருசத்திலேயே நிறைக் கோடு மேலே ஏறி, உயரக் கோடு மெல்ல மெல்லக் கீழே சரிந்திருக்கும். அந்த இரண்டு கோடும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது கல்சியம் விழ வருசக்கணக்கில் முன்னமே தெரியும். "பிள்ளை கண்டபடி தின்னுது" என்று தாயைப் பேசாதேங்கோ. பசியையும் சக்திச் செலவையும் ஆளுகிற மூளைப் பகுதியிலும் இதே பரம்பரையலகு வேலை செய்கிறது. ஓய்வில் இருக்கும்போது உடல் எரிக்கிற சக்தியே இந்தப் பிள்ளைகளில் குறைவு.

மருந்து. இப்பவே இழுப்பு இருந்தால், அல்லது ஈசீஜீயில் கியூரீ இடைவெளி நீண்டிருந்தால், நாளம் வழியாகக் கல்சியம். 10% கல்சியம் குளுக்கோனேற் கிலோவுக்கு 0.5 மில்லிலீற்றர், அதாவது இவளுக்கு 14 அளவில். சம அளவு 5% டெக்ஸ்ரோசோடு கலந்து 10 நிமிடத்துக்குக் குறையாமல், ஈசீஜீயைப் பார்த்தபடி ஏற்றுங்கோ. துடிப்பு இறங்கத் தொடங்கினால் நிறுத்த வேண்டும். ஊசி நாளத்துக்கு வெளியில் கசிந்தால் தோல் அழுகும், ஆகவே புறங்கையின் மெல்லிய நாளம் வேண்டாம். வலிப்போடு காய்ச்சலும் இருந்தால் செஃப்ரியாக்சோன் எழுதும் வழக்கம் உண்டு. அதையும் கல்சியத்தையும் ஒரே வழியில் விட்டால் படிவு விழும். பைகாபனேற்றும் அப்படித்தான். முதல் ஊசியின் பலன் சில மணித்தியாலந்தான். ஏ9 இல் மேல் வைத்தியசாலைக்கு அனுப்புவது என்றால் இடையில் திரும்ப இழுக்கக்கூடும் என்று எழுதி, மருந்தையும் வண்டியில் கொடுத்து அனுப்புங்கோ.

வாய்வழிக்கு, செயல்வடிவ விற்றமின் டி வகையான அல்பாகல்சிடோல் நாளுக்கு ஒருக்கா 0.5 மைக்ரோகிராமில் தொடங்கி 1 மட்டும் கூட்டலாம். கல்சிற்றையோல் என்றால் குறுகிய நேரமே நிற்கும், இரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டும். வெறும் விற்றமின் டி மட்டும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது பிழை, அதைச் செயல்வடிவுக்கு மாற்றுகிற படியில்தான் இந்தப் பிள்ளைக்குத் தடையே. ஆனாலும் 24 ஐ 30 க்கு மேல் கொண்டுவரச் சாதாரண விற்றமின் டியான கோலிகல்சிஃபரோலும் சேர்த்துக் கொடுங்கோ.

கல்சியம் குளிசையில் தவறு அடிக்கடி நடக்கும். கல்சியம் லக்ரேற் 300 மில்லிகிராம் குளிசையில் உள்ள கல்சியம் 39 மில்லிகிராம் அளவுதான். இரண்டு வேளை ஒவ்வொன்று கொடுத்தால் 78. அது மருந்தே இல்லை. கல்சியம் காபனேற் 500 மில்லிகிராமில் 200 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு மூன்று வேளையும் சாப்பாட்டோடு ஒவ்வொன்று. சாப்பாட்டோடு என்பதை மருந்துச் சீட்டில் எழுதுங்கோ. அப்போதுதான் சோற்றில் உள்ள பொஸ்பேற்றைக் குடலுக்குள்ளேயே பிடித்து வெளியில் கொண்டு போகும். "பால் கூடக் குடுங்கோ, நெத்தலி குடுங்கோ" என்று அள்ளிச் சொல்ல வேண்டாம், இரண்டிலும் கல்சியத்தோடு பொஸ்பேற்றும் வருகிறது. வழக்கமான அளவு போதும். கோலா குடிக்க வேண்டாம்.

தைரொயிட்டுக்கு லெவோதைரொக்சின் தொடங்க வேண்டும். வெறும் வயிற்றில் விடியக் கொடுத்து, கல்சியத்தை நாலு மணித்தியாலம் தள்ளுங்கோ. இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் தைரொக்சின் உடம்பில் சேராது. அப்படியென்றால் காலைச் சாப்பாட்டுக் கல்சியத்தைப் பத்து மணிக்குத் தள்ளலாம், அல்லது தைரொக்சினை இரவு படுக்கும்போது, சாப்பிட்டு நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு கொடுக்கலாம். வீட்டுக்கு எது தோதோ அது.

கல்சியம் சரியாக வந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைக்காதேங்கோ, கல்சியத்தை மட்டும் பார்த்து மருந்தைக் குறைக்கிற பிழை இந்த நோயில் பெரிது. பீரீஎச்சைக் கேட்காதது சிறுநீரகத்தின் ஒரு பகுதிதான். எலும்பு கேட்கிறது. 400 இல் வருசக்கணக்காக நின்றால் எலும்பை அரிக்கும். ஆகவே கல்சியம், பொஸ்பேற்று எல்லைக்குள்ளும், பீரீஎச் எல்லையின் மேற்பாதியில் அல்லது அதற்குச் சற்று மேலேயும் நிற்க வேண்டும். அதை முழுக்க அமுக்கவும் வேண்டாம். சிறுநீரகத்தின் சேய்மைக் குழாய் பீரீஎச்சைக் கேட்பதால், சுரப்பி இழந்தவர்களைப்போல இவர்களுக்குச் சிறுநீரில் கல்சியம் இலேசில் கொட்டாது. பீரீஎச்சை அமுக்கினால் அந்தப் பாதுகாப்பும் போகும். தொடங்கி ஒரு கிழமையில் கல்சியம், பிறகு நிலைக்கும்வரை இரண்டு கிழமைக்கு ஒருக்கா, அதற்குப் பிறகு வளரும் வயதில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருக்கா கல்சியம், பொஸ்பேற்று, பீரீஎச். சிறுநீரில் கல்சியத்துக்கும் கிரியற்றினினுக்கும் உள்ள விகிதம், இரண்டையும் மில்லிகிராமில் எடுத்தால், 0.2 ஐத் தாண்ட விடாதேங்கோ.

கார்பமசெப்பினை இன்றைக்கே நிறுத்த வேண்டாம். அது விற்றமின் டியை வேகமாகச் சிதைக்கிற மருந்து, ஃபெனிற்றோயினும் ஃபீனோபாபிற்றோனும் அப்படித்தான். கல்சியம் நிலைத்த பிறகு, பிள்ளை நரம்பியல் கிளினிக்கோடு பேசி மெல்லக் குறைக்கலாம். கண்ணுக்கு ஒருக்கா அனுப்புங்கோ, வில்லையின் பின்பக்கத்தில் புரை வரும். குறட்டையும் கேளுங்கோ. அந்தக் கட்டி எலும்புதான். வலிக்காமல் இருந்தால் வெட்டக் கூடாது, வெட்டின இடத்தில் திரும்பவும் எலும்பாகலாம்.


நிறமூர்த்தம்20 எழுதியது:

மருந்துப் பக்கம் சொல்லியாயிற்று. பரம்பரையலகைப் பற்றியும், அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியதைப் பற்றியும் எழுதுகிறேன்.

பரம்பரையலகின் பெயர் ஜீஎன்ஏஎஸ், 20 ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட புயத்தில் இருக்கிறது. ஹோர்மோன் கலத்தின் வாசலில் தட்டும்போது அந்தச் செய்தியை உள்ளே கடத்துகிற ஜீஎஸ் அல்பா என்ற புரதத்தை அது ஆக்குகிறது. பீரீஎச், ரீஎஸ்எச் போன்ற பல ஹோர்மோன்கள் இதே கடத்தியைத்தான் நம்பியிருக்கின்றன. ஒரே பிள்ளைக்குக் கல்சியமும் தைரொயிட்டும் சேர்ந்து பழுதாவது அதனால்தான்.

எங்களிடம் எந்தப் பரம்பரையலகும் இரண்டு பிரதி: தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. குளத்தை வைத்துச் சொன்னால் வீட்டாருக்கு விளங்கும். குளத்துக்கு இரண்டு துருசு, அதாவது மதகு. பெரும்பாலான வயலுக்கு இரண்டு துருசிலும் இருந்து தண்ணீர் போகிறது. ஆனால் சிறுநீரகத்தின் அண்மைக் குழாய், தைரொயிட் போன்ற சில வயல்களுக்குத் தாய்த் துருசு மட்டுந்தான் திறந்திருக்கும், தகப்பன் துருசு இயற்கையாகவே மூடியிருக்கும். தாய் தந்த பிரதி பழுது என்றால் அந்த வயல் காயும். இதுதான் பிள்ளையின் நிலை. எலும்பின் வளர்ச்சிப் பகுதிக்கு இரண்டு துருசும் வேண்டும். எந்தப் பக்கத்தால் பழுது வந்தாலும் பாதித் தண்ணீர்தான், விரல் கட்டையாகும்.

தாய்க்கு அந்தப் பழுது அவருடைய தகப்பனிடமிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் தந்த பிரதியில் புதிதாக விழுந்திருக்க வேண்டும். அதனால் அவருக்கு விரலும் உயரமும் மட்டும் கட்டை, கல்சியம் சரி. இதற்குச் சூடோசூடோ என்று பெயர், 1952 இல் ஃபுல்லர் ஆல்பிறைற் வைத்தது. மூல நோயை அவர் 1942 இல் விவரித்தபோது, செபிறைற் என்ற குள்ளக் கோழி இனத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். அந்தச் சேவலுக்குப் பேட்டின் இறகு. ஹோர்மோன் இருந்தும் உடல் ஏற்கவில்லை என்று நினைத்தார். அந்தச் சேவலின் தோல் ஆண் ஹோர்மோனைப் பெண் ஹோர்மோனாக மாற்றுகிறது என்று பிறகு தெரியவந்தது. உவமை பிழைத்தாலும் மனித நோயைப் பற்றி அவர் சொன்னது சரி. ஹோர்மோன் குறைவில்லாமல், ஏற்கும் இடத்தில் பழுது வருகிற நோய் என்று முதலில் விவரிக்கப்பட்டது இதுதான்.

இப்போது மச்சான் மச்சாள் விசயம். ஒரு பிரதி பழுதானாலே இந்த நோய் வரும். நெருங்கிய சொந்தத்தில் கட்டுவதால் கூடுவது, இரண்டு பிரதியும் பழுதாக வேண்டிய நோய்கள். பீரீஎச் ஏற்பியே பழுதாகிற புளொம்ஸ்ராண்ட், ஐக்கன் நோய்கள் அந்த வகை, அவை வேறு. இந்தத் தாய் தூரத்து ஊரில் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டியிருந்தாலும் இதே பிள்ளை பிறந்திருக்கலாம். இதை வீட்டுப் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு, தாயின் முன்னால் சொல்லுங்கள். தன் தகப்பனிடமிருந்து எந்தப் பிரதி வரவேண்டும் என்று அவர் தெரிவு செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எத்தனையோ வருசம் அவர் சுமந்த பேச்சு அது.

தாய்க்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாயின் சகோதரிகளுக்கும் விரல் கட்டையென்றால் அவர்களின் பிள்ளைகளையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். தாயின் சகோதரர்களுக்கு இருந்தால் அவர்களின் பிள்ளைகளுக்கு ஹோர்மோன் பிரச்சினை வராது. ஆனால் நிறை குறைந்து பிறக்கலாம், அரிதாகத் தோலில் தொடங்கித் தசைவரை எலும்பு ஊடுருவும் கடும் வடிவமும் வரலாம்.

சோதனைக்கு எழுதும்போது "ஜீஎன்ஏஎஸ் வரிசைப்படுத்தல், கூடவே நீக்கம் பார்க்கும் எம்எல்பிஏ" என்று கேளுங்கள். உடல் அடையாளமும் கட்டியும் இருப்பதால் அதுதான் முதல் படி. பரம்பரையலகின் ஏழாம் எக்சொன் என்ற துண்டில் நான்கு எழுத்து விடுபடும் மாறல் பல குடும்பங்களில் திரும்பத் திரும்பக் கண்டது. உடல்வாகு சாதாரணமாக இருந்து பீரீஎச் எதிர்ப்பு மட்டும் தெரிந்தால் அது 1பி. அங்கே எழுத்துப் பிழை இல்லை, பிரதியைத் திறப்பதா மூடுவதா என்று குறிக்கிற மெதைல் முத்திரை பிழைத்திருக்கும். மெதைலேற்றச் சோதனை கேட்டு, பிறகு பக்கத்துப் பரம்பரையலகான எஸ்ரீஎக்ஸ்16 இல் மூவாயிரம் எழுத்து நீக்கம் உண்டா என்று பார்க்க வேண்டும். காசு கட்டி, எல்லாப் பரம்பரையலகின் எழுத்தையும் வாசிக்கிற எக்சோம் சோதனை செய்து "ஒன்றுமில்லை" என்று வந்தால் 1பி இல்லை என்று ஆகாது, எக்சோம் அந்த முத்திரையை வாசிப்பதே இல்லை. அடையாளம் எல்லாம் இருந்தும் ஜீஎன்ஏஎஸ் சரியாக வந்தால் அடுத்துப் பார்க்க வேண்டிய பரம்பரையலகுகள் பிஆர்கேஏஆர்1ஏ, பிடிஈ4டி. மூக்குப் பாலம் தட்டையாகி எல்லா விரலும் ஒருசேரக் கட்டையென்றால் அவற்றை முதலே நினைக்கலாம்.

மூன்று மில்லிலீற்றர் ஈடீரீஏ குழாயில். ஹெப்பரின் குழாய் வேண்டாம், டிஎன்ஏயைப் பெருக்குகிற பிசிஆர் படியைக் குழப்பும். பிள்ளை, தாய், தகப்பன் மூவரிடமும் ஒரே நாளில் எடுத்து அனுப்பினால், மாறல் எந்தப் பக்கம் என்று ஒரே சுற்றில் தெரியும்.


பாலைமரம்:

மிக்க நன்றி. திருப்பி எடுத்த கல்சியம் 1.68, பொற்றாசியம் 4.1, பீரீஎச்சும் அதே மட்டத்தில். முட்டி பொத்தினால் இரண்டு கையிலும் குழி விழுகிறது. ஒன்று மட்டும்: பிள்ளைக்கு 14 மாதத்தில் தம்பி இருக்கிறான். அவனுக்குக் கல்சியம் பார்த்தேன், 2.38. அவனை விடலாமா?


கனகராயன்:

விட வேண்டாம். தகப்பன் துருசு பிறந்தவுடன் மூடுவதில்லை, பிறகு மெல்ல மெல்ல மூடுகிறது. அதனால் கல்சியம் பல வருசம் சரியாக நிற்கும். முதலில் ரீஎஸ்எச் ஏறும், பிறகு பீரீஎச், அதற்குப் பிறகு பொஸ்பேற்று, கடைசியில்தான் கல்சியம் விழும். இப்ப அவனுக்கு ரீஎஸ்எச், ஃப்ரீ ரீ4, பீரீஎச், பொஸ்பேற்று பாருங்கோ. பொஸ்பேற்றை அவன் வயதின் எல்லையோடு ஒப்பிடுங்கோ, சின்னப் பிள்ளைக்கு அது இயல்பாகவே உயர்வு. நிறைக் கோடு எப்படிப் போகிறது என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கோ. உடம்பு முழுக்கத் தடவி, தோலுக்கு அடியில் கடினமாக ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கோ. தடுப்பூசி ஒன்றையும் தள்ள வேண்டாம். அக்காவின் முடிவு வரும்வரை ஆறு மாதத்துக்கு ஒருக்கா இதையே திருப்புங்கோ.


நிறமூர்த்தம்20:

அக்காவின் மாறல் தெரிந்த பிறகு தம்பிக்கு முழுச் சோதனை தேவையில்லை. அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லி, ஒரு ஈடீரீஏ குழாயோடு அக்காவின் அறிக்கைப் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். அவனிடம் அது இல்லையென்றால் அன்றோடு அவனுடைய கிளினிக் கொப்பியை மூடலாம்.